தொடையிடுக்கில் ஒரு புடைப்பு: குடலிறக்கமும் நுண்துளை அறுவை சிகிச்சையும்

சில மாதங்களுக்கு முன்பு, அறுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவரை அவருடைய மகன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். மூன்று நாட்களாக வாந்தி. வயிறு உப்பியிருந்தது, மலமும் வாயுவும் பிரியவில்லை. வாயுத் தொல்லை என்று எண்ணி வீட்டில் கஷாயம் கொடுத்திருந்தார்கள். மருந்துக் கடையில் மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வயிற்றைப் பரிசோதித்த நாங்கள் தொடையிடுக்கையும் பார்த்தோம். வலப்புறத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, தொட்டாலே துடிக்கும் வலியுடன் இருந்தது. “அது ஒன்றரை வருஷமா இருக்குங்க ஐயா. அந்த இடத்தைப் போய் யாருகிட்ட காட்டுறது?” என்றார் அவர். மகனுக்கு அன்றுதான் அது தெரிந்தது.

அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தோம். சிறிய துளையொன்றில் சிக்கிய குடலின் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றி அழுகியிருந்தது. அதை வெட்டி நீக்கி, எஞ்சிய குடலை இணைக்க வேண்டியதாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் இருந்து, பதினோராம் நாள் அவர் நலமுடன் வீடு திரும்பினார். அந்தக் கட்டி முதன்முதலில் தென்பட்டபோதே வந்திருந்தால், மூன்று சிறு துளைகளின் வழியே அதைச் சரிசெய்து மறுநாளே அவரை அனுப்பியிருக்க முடியும்.

தொடையிடுக்கில் தோன்றும் குடலிறக்கம் மிகப் பரவலான நோய்களில் ஒன்று. வாழ்நாளில் ஏறத்தாழ நான்கு ஆண்களில் ஒருவருக்கும், நூறு பெண்களில் மூவருக்கும் இதற்கான அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. இவ்வளவு பரவலாக இருந்தும், மறைவான இடத்தில் வருவதால் இதைப் பற்றி வீட்டிற்குள்கூடப் பேசத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் குறைப்பதும், சிகிச்சைக்கான காலத்தையும் முறையையும் மருத்துவருடன் கலந்து நிதானமாகத் தேர்ந்தெடுக்க உதவுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

குடலிறக்கம் என்பது என்ன?

வயிற்றின் முன்சுவர் பல அடுக்குத் தசைகளாலும் உறுதியான நார்த் திசுவாலும் ஆனது. அச்சுவரில் பலவீனமான ஓர் இடம் ஏற்பட்டு, அதன் வழியே வயிற்றுக்குள் இருக்க வேண்டிய கொழுப்போ குடலோ வெளியே தள்ளப்படுவதையே குடலிறக்கம் என்கிறோம். மக்கள் வழக்கில் இது இரணியா அல்லது ஹெர்னியா எனப்படுகிறது. நிற்கும்போதும், இருமும்போதும், முக்கும்போதும் புடைப்பு பெரிதாகும். படுத்தால் பெரும்பாலும் உள்ளே சென்றுவிடும். சிலருக்கு மாலை வேளையில் இழுத்துப் பிடிப்பது போன்ற வலி இருக்கும். சிலருக்கு வலியே இராது.

ஆண் சிசு தாயின் கருப்பையில் வளரும்போது விரைகள் வயிற்றின் உட்புறத்தில் உருவாகி, பின்னர் தொடையிடுக்கு வழியே விரைப்பைக்கு இறங்குகின்றன. அவை இறங்கிய பாதையில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கால்வாய் எஞ்சிவிடுகிறது. விந்துக் குழாயும் விரைக்கான இரத்த நாளங்களும் இன்றும் அவ்வழியேதான் செல்கின்றன. இயற்கையாகவே வலுக்குறைந்த இடம் அது. ஆண்களிடம் இந்நோய் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே முதற் காரணம்.

“பாரம் தூக்கியதால்தான் வந்தது” என்று பலரும் கூறுவார்கள். பாரம் தூக்குவது மறைந்திருந்த புடைப்பை வெளிக்காட்டலாம். ஆனால் அது மட்டுமே காரணமன்று. குடும்பத்தில் பிறருக்கு இந்நோய் இருத்தல், வயது முதிர்ச்சி, திசுக்களின் பிறவி வலுக்குறைவு, நாட்பட்ட இருமல் எனப் பல காரணங்கள் சேர்ந்தே இது தோன்றுகிறது. அலுவலக நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிபவருக்கும் இது வரும்.

ஒரே இடத்தில் மூன்று வாசல்கள்

தொடையிடுக்கில் குடலிறக்கம் மூன்று வழிகளில் வரக்கூடும். முதலாவது, மேலே சொன்ன கால்வாயின் உள்வாசல் வழியே இறங்குவது. பிறவியிலேயே மூடாமல் விடுபட்ட பாதை வழியாக வருவதால் இது இளைஞர்களிடமும் காணப்படும். விரைப்பை வரை இறங்கவும் கூடும். இரண்டாவது, கால்வாயின் பின்சுவர் தளர்ந்து நேராக முன்னோக்கிப் பிதுங்குவது. நடுத்தர வயதைக் கடந்த ஆண்களிடம் இது அதிகம். இவ்விரண்டையும் கவட்டைக் குடலிறக்கம் என்கிறோம்.

மூன்றாவது, அக்கால்வாய்க்குக் கீழே, காலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களின் அருகே உள்ள சிறு இடைவெளி வழியே வருவது. இது தொடைக் குடலிறக்கம். பெண்களிடம், அதிலும் முதியவர்களிடம், இது கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த இடைவெளி குறுகலானது. அதன் விளிம்பும் கடினமானது. எனவே உள்ளே நுழைந்த குடல் எளிதில் நெரிபட்டுவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய மூதாட்டிக்கு இருந்தது இதுவே. கட்டி சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது.

மிக மெலிந்த மூதாட்டிகளுக்கு, இடுப்பெலும்பில் உள்ள மற்றொரு துளை வழியே, வெளியே எந்தப் புடைப்பும் தெரியாமல் குடல் சிக்குவதும் உண்டு. தொடையின் உட்புறத்தில் முழங்கால் வரை ஓடும் வலியும், குடல் அடைப்பின் அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் நாங்கள் இதையும் நினைவில் கொண்டு சி.டி. ஸ்கேன் செய்யச் சொல்கிறோம்.

எல்லாப் புடைப்பும் குடலிறக்கம் அன்று

விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் விரைவீக்கத்தையும் குடலிறக்கத்தையும் மக்கள் ஓதம் என்ற ஒரே பெயரால் குறிப்பிடுவதுண்டு. இரண்டும் வேறு, சிகிச்சையும் வேறு. நெறிகட்டுதல், விரை நாளச் சுருள்வு, கொழுப்புக் கட்டி, இறங்காத விரை ஆகியவையும் இவ்விடத்தில் புடைப்பாகத் தோன்றலாம். பெரும்பாலானோருக்கு நிற்க வைத்தும் இரும வைத்தும் கையால் பரிசோதித்தாலே நோய் தெரிந்துவிடும். ஐயமிருந்தால் மட்டுமே அல்ட்ராசவுண்டு ஸ்கேன் தேவைப்படும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு செய்தி. கர்ப்ப காலத்தில் தொடையிடுக்கில் புதிதாகத் தோன்றும் மென்மையான புடைப்பு, கருப்பையின் தசைநாணைச் சுற்றியுள்ள இரத்த நாளங்கள் விரிவதால் வந்ததாக இருக்கலாம். டாப்ளர் ஸ்கேன் இதைத் தெளிவாகக் காட்டிவிடும். குழந்தை பிறந்த பின் இது தானாகவே மறைந்துவிடும். கத்தி வைக்கத் தேவையில்லை.

குழந்தைகளுக்கு வரும் குடலிறக்கம், மூட வேண்டிய பிறவிப் பாதை மூடாமல் போனதால் வருவது. அழும்போது தொடையிடுக்கில் புடைப்பு தெரிந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கலாகாது. அதிலும் குறைமாதக் குழந்தைகளை விரைவில் காட்ட வேண்டும். குழந்தைகளுக்கு அந்தப் பையைக் கட்டி மூடினாலே போதும். வலை எதுவும் வைப்பதில்லை. தொப்புளில் தோன்றும் புடைப்பு வேறு வகையைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டுமா?

குடலிறக்கம் மருந்தால் மூடாது, பயிற்சியாலும் மூடாது. இரணியா பெல்ட் புடைப்பை வெளித்தெரியாமல் அழுத்திப் பிடிக்குமே தவிர, துளையை அடைக்காது. உள்ளே செல்லாத குடலின் மீது அதை இறுக்கிக் கட்டினால் தீங்கும் நேரலாம். பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சை ஒன்றே நிரந்தரத் தீர்வு. ஆயினும், எல்லோருக்கும் அது உடனடியாகத் தேவையில்லை.

அமெரிக்காவில் தொந்தரவு ஏதுமில்லாத அல்லது மிகக் குறைந்த தொந்தரவுடைய 720 ஆண்களை இரு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சை. மற்றவர்களுக்குக் கண்காணிப்பு மட்டும். 2006-இல் அதன் முடிவு வெளியானது. காத்திருந்தவர்களுக்குக் குடல் திடீரெனச் சிக்கும் ஆபத்து, ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவாகவே இருந்தது. எனவே, தொந்தரவில்லாத ஆண்கள் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருப்பது பாதுகாப்பானதே. ஆனால் அதே நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, காத்திருந்தவர்களில் மூன்றில் இருவர், பெரும்பாலும் வலி கூடியதால், இறுதியில் அறுவை சிகிச்சைக்கே வந்திருந்தார்கள்.

இந்த அறிவை நாங்கள் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதை இரு நோயாளிகளைக் கொண்டு விளக்கலாம். எழுபத்திரண்டு வயதான, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இதய நோய் உள்ளவர். அவருக்குப் படுத்தால் மறையும் சிறு புடைப்பு; வலி இல்லை. அவருக்குக் காத்திருக்கலாம் என்றோம். எந்த அறிகுறி தென்பட்டால் உடனே வர வேண்டும் என்பதை அவருக்கும் அவர் மனைவிக்கும் எழுதிக் கொடுத்தோம். அதே வாரத்தில் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் வந்தார். மாலையானால் வலி, புடைப்பு மாதந்தோறும் பெரிதாகிக்கொண்டிருந்தது. கூலி போய்விடுமே என்று அவர் தள்ளிப்போட்டு வந்தார். அவரிடம் அறுவை சிகிச்சையே நல்லது என்றோம். சில வாரக் கூலியை இப்போது இழப்பதைவிட, அவசர நிலையில் பல வாரக் கூலியை இழப்பது அக்குடும்பத்துக்குப் பேரிழப்பு என்பதை அவரே கணக்கிட்டுப் புரிந்துகொண்டார்.

பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவர்களுக்குத் தொடைக் குடலிறக்கமாக இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதாலும், வெளியிலிருந்து பார்த்து வகையைப் பிரித்தறிவது கடினம் என்பதாலும், காலம் தாழ்த்தாமல் சரிசெய்துகொள்ளும்படியே அறிவுறுத்துகிறோம்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும், இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்:

— இதுவரை உள்ளே சென்றுகொண்டிருந்த புடைப்பு உள்ளே செல்லாமல் நின்றுவிடுதல்
— புடைப்பு கடினமாகி, கடுமையாக வலித்தல்; அதன் மேல் தோல் சிவத்தல்
— வாந்தி, வயிறு உப்புதல், மலமும் வாயுவும் பிரியாமை
— புடைப்பு வலியுடன் காய்ச்சலும் வருதல்

அந்நிலையில் புடைப்பை வலிந்து உள்ளே தள்ளக் கூடாது. ஒத்தடம் கொடுக்கவோ, எண்ணெய் தேய்த்து உருவவோ கூடாது. வாய்வழியாக எதையும் உண்ணவோ குடிக்கவோ கொடுக்காமல் அழைத்து வாருங்கள்.

தையலிலிருந்து வலைக்கு

1880-களில் இத்தாலியின் படுவா நகரில் எடோர்டோ பாசினி என்ற அறுவை மருத்துவர், கால்வாயின் பின்சுவரைத் தையலிட்டு மீட்டமைக்கும் முறையை வகுத்தார். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அதுவும் அதன் வழிவந்த முறைகளுமே உலகெங்கும் கையாளப்பட்டன. ஆனால் விலகி நிற்கும் திசுக்களை இழுத்துத் தைப்பதால், கிழிந்த துணியின் ஓரங்களை இழுத்துத் தைத்தது போல அவ்விடத்தில் எப்போதும் ஓர் இறுக்கம் இருக்கும். வலி மிகும், தையல் விட்டுப்போய் நோய் மீண்டும் வருவதும் உண்டு.

கிழிசலை இழுத்துத் தைப்பதற்குப் பதிலாக ஒட்டுப் போடலாம் என்ற எண்ணமே வலை முறைக்கு அடிப்படை. பாலிபுரோப்பிலீன் இழையால் நெய்த வலையை வைத்து, இறுக்கமின்றிச் சரிசெய்யும் முறையை 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இர்விங் லிக்டென்ஸ்டைன் பரவலாக்கினார். தொடையிடுக்கில் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளக் கீறலிட்டு முன்புறமாக வலை வைக்கும் இந்தத் திறந்த முறை இன்றும் உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்படுகிறது. வலையின் கண்களின் ஊடே உடலின் சொந்தத் திசு வளர்ந்து, சில வாரங்களில் வலையும் சுவரும் ஒன்றாகிவிடும்.

இந்த வலை குறித்து நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், விலையுயர்ந்த வலையை வாங்க இயலாத ஏழைகளுக்காகக் கொசுவலைத் துணியை முறையாகக் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்திக் காட்டினார். பின்னர் உகாண்டாவில் ஏறத்தாழ 300 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வு 2016-இல் வெளியானது. ஓராண்டு முடிவில், கொசுவலைத் துணியாலான மலிவு வலைக்கும் விலையுயர்ந்த வலைக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நுண்துளை முறையில் என்ன செய்கிறோம்?

1956-இல் ஃபிரான்சின் ஆன்றி ஃப்ருஷோ, நாம் மேலே கண்ட மூன்று வாசல்களும் உண்மையில் ஒரே பெரிய பலவீனப் பரப்பின் பகுதிகளே என்று உடற்கூற்றியல் அடிப்படையில் விளக்கினார். அப்பரப்பு முழுவதையும் பின்புறத்திலிருந்து ஒரே வலையால் மூடிவிட்டால், மூன்று வாசல்களும் ஒருசேர அடைபடும். அவருக்குப் பின் அந்நாட்டின் ரெனே ஸ்டோப்பா, வயிற்றில் பெரிய கீறலிட்டு இதைச் செய்துகாட்டினார். 1990-களின் தொடக்கத்தில், அதே வேலையைச் சிறு துளைகளின் வழியே கேமரா கொண்டு செய்யும் முறை உருவானது. அதுவே நுண்துளை அல்லது லேப்ராஸ்கோப்பி முறை.

முழு மயக்கம் கொடுத்த பின், தொப்புளை ஒட்டி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளையும், அரை சென்டிமீட்டர் அளவில் வேறிரு துளைகளும் இடுகிறோம். கரியமில வாயுவைச் செலுத்தி வேலை செய்வதற்கான இடத்தை உண்டாக்குகிறோம். கேமரா காட்டும் பெரிதாக்கப்பட்ட படத்தைத் திரையில் பார்த்தபடியே, இறங்கிய பையை உள்ளே இழுத்து, விந்துக் குழாயையும் இரத்த நாளங்களையும் கவனமாகப் பிரித்தெடுக்கிறோம். பின்னர் குறைந்தது 15-க்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள வலையைத் தசைச் சுவருக்கும் வயிற்றின் உட்சவ்வுக்கும் இடையே விரிக்கிறோம். தொட்டியின் உட்புறத்தில் ஒட்டிய ஒட்டினைத் தண்ணீரின் அழுத்தமே சுவரோடு அழுத்திப் பிடிப்பது போல, வயிற்றின் அழுத்தமே இவ்வலையை அதன் இடத்தில் நிறுத்துகிறது.

உங்கள் மருத்துவக் குறிப்பில் டி.ஏ.பி.பி. என்றோ டி.இ.பி. என்றோ எழுதியிருக்கலாம். முதலாவதில் வயிற்றறைக்குள் சென்று, உட்சவ்வைத் திறந்து வலையை வைத்து, மீண்டும் சவ்வை மூடுகிறோம். இரண்டாவதில் வயிற்றறைக்குள் நுழையாமலேயே சவ்வுக்கு முன்னால் உள்ள இடத்தில் பணி முழுவதும் நடைபெறுகிறது. இரண்டிலும் வலை வைக்கப்படும் இடம் ஒன்றே. பலனும் ஏறத்தாழ ஒன்றே. எம்முறையில் மருத்துவர் நன்கு தேர்ந்தவரோ அம்முறையே நல்லது.

யாருக்கு எந்த முறை?

நுண்துளை முறையில் தொடக்க நாட்களின் வலி குறைவு. வேலைக்குத் திரும்புவது விரைவு. காயத்தில் சீழ் பிடிப்பதும் தொடையிடுக்கில் மரத்துப்போவதும் குறைவு. இருபுறமும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கு அதே மூன்று துளைகளின் வழியே இருபுறமும் சரிசெய்யலாம். முன்பு திறந்த முறையில் செய்து மீண்டும் நோய் வந்தவர்களுக்கு, பழைய தழும்பைத் தொடாமல் பின்வழியே செல்ல முடிகிறது. பெண்களுக்கு, ஒளிந்திருக்கும் தொடைக் குடலிறக்கத்தையும் கண்டு மூடிவிட முடிகிறது. இம்மூன்று பிரிவினருக்கும் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது நுண்துளை முறையையே.

ஆயினும் அது எல்லோருக்கும் உரியதன்று. இதயமோ நுரையீரலோ முழு மயக்கத்தைத் தாங்காத நிலையில் உள்ளவர்கள், புராஸ்டேட்டுக்காக அடிவயிற்றில் முன்பே அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ பெற்றவர்கள், விரைப்பை முழுதும் இறங்கி உள்ளே செல்லாத பெரிய குடலிறக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்குத் திறந்த முறையே பெரும்பாலும் பாதுகாப்பானது. அதை முதுகுத்தண்டில் ஊசி போட்டோ, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ செய்யலாம். திறமையான கைகளில், நோய் மீண்டும் வரும் வாய்ப்பு இரு முறைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. நுண்துளை முறைக்குச் செலவு கூடுதல். மருத்துவர் அதில் தேர்ச்சி பெறவும் அதிகக் காலமாகும். ஆகவே “இதை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா?” என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவன்று, நோயாளியின் உரிமை.

அச்சங்களும் உண்மைகளும்

வலையை உடல் ஏற்குமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் அது உடலோடு ஒன்றிவிடுகிறது. சீழ் பிடித்து வலையை அகற்ற நேர்வது அரிது. ஆண்மை குறையுமோ, குழந்தைப்பேறு தடைபடுமோ என்பது இளைஞர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. வலை வைப்பதால் குழந்தைப்பேறு குறைகிறது என்று இதுவரையான ஆய்வுகள் காட்டவில்லை.

இடர்களே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். சிலருக்குச் சிறுநீர் கழிக்கச் சிரமம் ஏற்பட்டு, தற்காலிகமாகக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். விரைப்பையில் கன்றிய நீலம் பரவலாம். அது இரண்டொரு வாரங்களில் மறையும். பழைய புடைப்பு இருந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டு, நோய் திரும்பிவிட்டதோ என்று அச்சுறுத்தலாம். அதுவும் பெரும்பாலும் தானே வற்றிவிடும். சிறுநீர்ப்பை, குடல், பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றில் காயம் ஏற்படுவது மிக அரிது. ஆனால் அப்படி நேர்ந்தால் உடனே திறந்து சரிசெய்ய வேண்டிவரும். எம்முறையில் செய்தாலும், பத்தில் ஒருவருக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னும் ஓரளவு வலி நீடிக்கலாம். பெரும்பாலோருக்கு அது காலப்போக்கில் குறையும். அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு வலி சிலருக்கே நிற்கும். அறுவை சிகிச்சைக்கு முன்பே கடும் வலி உள்ளவர்கள் அதை எங்களிடம் தெளிவாகச் சொல்வது திட்டமிடுவதற்கு உதவும்.

முன்னேற்பாடுகள்

புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. இருமல், மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுதல் ஆகியவற்றுக்கு முதலில் சிகிச்சை பெற வேண்டும். முக்கி முக்கிச் சிறுநீர் கழிக்கும் முதியவருக்குப் புராஸ்டேட்டைக் கவனிக்காமல் குடலிறக்கத்தை மட்டும் சரிசெய்வது அரைகுறை வேலை. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் எங்களிடம் கேட்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகள் எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பிலிருந்து திட உணவும் பாலும் கூடாது. தெளிந்த நீரை, மயக்க மருத்துவர் அனுமதித்தால், இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை பருகலாம். காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தங்கள் திட்டத்தில் எம்முறைக்கு எவ்வளவு தொகை கிடைக்கும் என்பதைச் சேர்க்கை நாளுக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பின்

அன்று மாலையே எழுந்து நடக்கலாம். பெரும்பாலானோர் மறுநாள் வீடு திரும்புகிறார்கள். செலுத்திய வாயுவின் காரணமாகத் தோள்பட்டையில் ஓரிரு நாள் வலி இருக்கலாம், அஞ்ச வேண்டாம். வலி மாத்திரைகளைப் பரிந்துரைத்தபடி எடுத்துக்கொண்டு நடமாடுவது, வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்தே கிடப்பதைவிட நல்லது.

மூன்று மாதம் படுக்கை, ஆறு மாதம் எடை தூக்கக் கூடாது என்பதெல்லாம் பழைய காலத்து அறிவுரை. வலை முறையில் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. வலி அனுமதிக்கும் அளவே உங்களுக்கு வழிகாட்டி. அன்றாட வேலைகளைச் சில நாட்களிலேயே தொடங்கலாம். வலியின்றித் திடீரென பிரேக் அழுத்த முடிகிறது என்றால் வண்டி ஓட்டலாம். மூட்டை தூக்குவது போன்ற கடின உழைப்புக்குத் திரும்பும் நாளை மட்டும் மறுபரிசோதனையில் எங்களுடன் பேசி முடிவுசெய்யுங்கள். பத்தியம் என்று தனியாக ஏதுமில்லை. மலச்சிக்கல் வராதிருக்கக் கீரை, பழம், போதிய தண்ணீர் ஆகியவை போதும். காய்ச்சல், காயத்தில் சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் பிரியாமை, தொடர் வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள்.

குடும்பத்தாருக்கு

அந்த மூதாட்டி மறுபரிசோதனைக்கு வந்தபோது தம் தங்கையையும் உடன் அழைத்து வந்திருந்தார். “இவளுக்கும் ஏதோ இருக்குன்னா, நான்தான் இழுத்துட்டு வந்தேன்” என்றார். பரிசோதித்தபோது தங்கைக்கும் சிறு குடலிறக்கம் இருந்தது. அவருக்கு நுண்துளை முறையில் சரிசெய்து, மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பினோம்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். தந்தை நடக்கும்போது தொடையிடுக்கைக் கையால் தாங்கிப் பிடிக்கிறாரா, தாய் குனிந்து நிமிரும்போது முகம் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள், பக்குவமாகக் கேளுங்கள். பெண் நோயாளிகளைப் பரிசோதிக்கும்போது பெண் செவிலியர் ஒருவர் எப்போதும் உடனிருப்பார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். அதற்குப் பின், காத்திருப்பதா, அறுவை சிகிச்சையா, எந்த முறையில், எந்த மாதத்தில் என்பதையெல்லாம் அவசரமின்றி ஒன்றாக அமர்ந்து முடிவுசெய்யலாம்.